ஆண்டியாகப் போன மாப்பிள்ளை

புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்: மருதாசலம். என் அத்தை நல்லம்மாளின் ஒரே மகன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அதே கம்பெனியில், மெஷினிலிருந்து இறங்கும் துணியை வெளிச்சத்தில் பிடித்து டேமேஜ் பார்க்கும் மேசையில் நான் இருந்தேன். எங்களுக்குக் கல்யாணம் என்பது நாங்கள் தவழும்போதே பேசி வைத்தது. அறுபத்தாறாம் வருஷம் தை மாதத்தில் நாளும் குறித்தார்கள். அதற்கு முந்தின மார்கழியில்தான் மாப்பிள்ளைக்கு நெஞ்சில் கோளாறு வந்தது.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மார்பில் கையை வைத்துக்கொண்டு நூல் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"என்னமோ அடைச்சுக்கிட்டு நிக்குதும்மா. படபடன்னு அடிக்குது" என்றார், சேதி கேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்த அத்தையிடம்.

இருபத்து மூன்று வயதுப் பையன் இப்படிச் சொன்னால் வேறு வீட்டில் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கச் சொல்லியிருப்பார்கள். அத்தை வீட்டில் அது நடக்காது. அத்தையின் புருஷன் முப்பது வயதில், தறிக்குழியில் உட்கார்ந்திருந்தவர், "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது நல்லம்மா" என்று சொல்லித் தறிமேல் சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரார் தறிக்கெல்லாம் நூல் தார் சுற்றிக் கொடுத்து அத்தை வளர்த்த பிள்ளை இவர். அத்தைக்கு நெஞ்சு என்ற சொல்லே ஆகாது.

ஓமம் கொடுத்தார், சுக்கு கொடுத்தார், பூண்டை நெருப்பில் சுட்டுக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் பழனி இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டு, தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். மகனுக்குக் கையில் காப்புக் கட்டி, கழுத்தில் மாலை போட்டு, காவி வேட்டியும் உடுத்திவிட்டார். காப்புக் கட்டியவனுக்கு ஏது கல்யாணம்? பங்குனிக்குத் தள்ளி வைத்தார்கள். முருகன் காரியத்தில் குறுக்கே நிற்க எனக்கு என்ன பைத்தியமா? சரி என்றேன்.

அதிசயம் என்னவென்றால், காப்புக் கட்டி ஒரு வாரம் ஆவதற்குள் நெஞ்சு சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டது. அடைப்பும் இல்லை, படபடப்பும் இல்லை. அத்தை அப்போதும் சந்தேகத்துக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் முதுகிலும் மார்பிலும் குழாயை வைத்துக் கேட்டார்.

"பீடி, சிகரெட் பழக்கம் ஏதாவது உண்டா?"

மருதாசலம் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "அய்யய்யோ, எம் பையன் காப்புக் கட்டியிருக்கறானுங்க சாமி."

டாக்டர் மாலையைப் பார்த்தார், காவி வேட்டியைப் பார்த்தார், நெற்றியில் பூசிய திருநீற்றைப் பார்த்தார். "ஒண்ணும் கோளாறு இல்லை, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். டாக்டருக்கே பிடிபடாததை முருகன் சரியாக்கிவிட்டான் என்று அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

தாராபுரம் வழியாக நடந்தே பழனிக்குப் போனார்கள். மாப்பிள்ளை அவ்வளவு படியையும் ஒரு மூச்சில் ஏறினாராம். திரும்பி வந்து காப்பை அவிழ்த்தார். மாசி பிறந்தது. ஒரு மத்தியானம் மறுபடியும் மார்பைப் பிடித்துக்கொண்டு அதே நூல் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

மறுபடி காப்பு. இந்த முறை பங்குனி உத்திரத்துக்கு. மறுபடி ஒரு வாரத்தில் நெஞ்சு அடங்கியது. கல்யாணம் வைகாசிக்குப் போயிற்று. பழனிக்குப் போய் வந்து காப்பை அவிழ்த்தார். சித்திரை முடிவதற்குள் மறுபடி நெஞ்சு. வைகாசி விசாகத்துக்கு மூன்றாவது காப்பைக் கட்டியபோது எங்கள் தெருவில் பந்தல்காரர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அப்போதுதான் அத்தைக்கு விஷயம் துலங்கியது. துலங்கியதாக அவர் நினைத்தார். ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து என் அப்பா சாமியப்பன் முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணா, எனக்கு இப்பத்தான் வெளங்குச்சு. பழனியில சாமி எந்தக் கோலத்துல நிக்குது? ஆண்டிக் கோலம். எம் பையனும் ஆண்டிக் கோலத்துல இருக்கற வரைக்கும் நல்லாயிருக்கறான். கோலத்தக் கலைச்சா நெஞ்சு புடிச்சுக்குது. அவன் எனக்குப் பொறந்தவன் இல்லீங்கண்ணா. சாமி தனக்குன்னு கேக்குது."

"அதுக்கு?" என்றார் அப்பா.

"விசாகத்துக்குக் கூட்டிட்டுப் போயி மொட்டை போட்டு, அங்கயே மடத்துல உட்டுட்டு வந்தர்றேன். உசுரோட இருந்தாப் போதும். அமராவதிக்கு நீங்க வேற எடம் பாத்துக்கோங்க." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அப்பா நல்லவர்தான். ஆனால் மறுநாளே, "வெள்ளகோவில்ல ஒரு பையன் இருக்கறானாமா, கண்ணு" என்று ஆரம்பித்தார். அன்றைக்குச் சோறு குழைந்ததற்கும் குழம்பில் உப்பு கூடியதற்கும் நான் பொறுப்பில்லை.

எனக்கு மருதாசலத்தைப் பிடிக்கும். பேசி வைத்ததற்காக அல்ல. கம்பெனியில் மற்றவர்கள் துணிக் கட்டைக் கொண்டுவந்து தரையில் தொப்பென்று போட்டுவிட்டுப் போவார்கள். குனிந்து தூக்கும் எங்கள் இடுப்புதான் ஒடியும். இவர் ஒருவர்தான் மேசைமேல், கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். அந்த மனுஷனை மடத்தில் கொண்டுபோய் விடுவார்களாம், நான் வெள்ளகோவிலுக்குப் போவேனாம். முருகன்மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஏற்கெனவே வீட்டில் இரண்டு பேர் இருக்க, உனக்கு என் மாப்பிள்ளையும் வேண்டுமா என்று கேட்டேன், மனசுக்குள்ளேதான்.

விசாகத்துக்குப் புறப்பட இன்னும் இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. ஆண்டிக்கு எதற்குப் பனியன் என்று அத்தை மகனுடைய பழைய பனியன்களை எல்லாம் மூட்டையாகக் கட்டி, கரித்துணிக்கு ஆகும் என்று எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மடியில் போட்டுக்கொண்டு அழலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கை சும்மா இருக்குமா? நாள் முழுக்கத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற கை. பழக்கத்தில் ஒரு பனியனை விரித்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.

மார்பில் பொத்தல். கடுகளவு. ஒன்றல்ல, அங்கங்கே பல. முதுகுப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அடுத்ததை எடுத்தேன். அதிலும் மார்பில்தான். மெஷினில் ஊசி விட்டால் கண்ணி அவிழ்ந்து ஏணி மாதிரி நீளமாக ஓடும். பூச்சி அரித்தால் ஓரம் நைந்திருக்கும். இது இரண்டும் இல்லை. விரலால் தடவினால் ஓரம் மொறமொறவென்று, பழுப்பாகக் கருகியிருந்தது. நெருப்பு.

அடியில் ஒரு புதுப் பனியன் இருந்தது. சித்திரை முதல் நாள் முதலாளி எல்லோருக்கும் கொடுத்தது. இரண்டாவது காப்பை அவிழ்த்ததற்கும் மூன்றாவதைக் கட்டியதற்கும் நடுவில்தான் அவர் அதைப் போட்டிருக்க முடியும். காப்புக் கட்டினால் மேலுக்கு வெறும் துண்டுதான். அந்தப் புதுப் பனியனிலும் மார்பில் நான்கைந்து பொத்தல். நெஞ்சு நோகும் மாதத்தில் பனியன் பொத்தலாகிறது. எனக்கு அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அந்தப் பனியனைச் சுருட்டிக்கொண்டு நூல் அறைக்குப் போனேன். காவி வேட்டியோடு மருதாசலம் சம்மணம் போட்டுத் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய சேக்காளி சின்னான். அடுத்த மெஷின் ஓட்டுகிறவன். இருவரும் ஒரு நாளும் பிரிந்திருக்க மாட்டார்கள்.

"இது என்னுங்க பொத்தல்?" என்று பனியனை விரித்தேன்.

"ஊசி உட்டுருக்கும் அம்மணி."

"ஊசி உட்டா ஓடும். இது ஓடுலீங்களே. ஓரமெல்லாம் கருகியிருக்குது."

அவர் சின்னானைப் பார்த்தார். சின்னான் மேலே கூரை ஓட்டைப் பார்த்தான்.

"வெதை தெறிச்சுரும்" என்றார் மருதாசலம், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"என்ன வெதை?"

சின்னான்தான் சொன்னான். "கஞ்சா வெதைங்க. சரியாப் பொறுக்காம உட்டுட்டா, பத்தவெச்சதும் பட்டுனு தெறிச்சு மேல உழுந்துரும்."

மெதுவாக எல்லாம் வந்தது. தினமும் சிகரெட். ஞாயிற்றுக்கிழமையானால் நொய்யல் கரையில் சலவைப் பட்டறைகளுக்குப் பின்னால் போய், சிகரெட்டில் பாதிப் புகையிலையைத் தட்டிவிட்டு அதற்குப் பதில் கஞ்சாவைத் திணித்துக் குடித்திருக்கிறார்கள். எங்கோ ஒரு பண்டாரத்திடம் சின்னான் வாங்கி வருவானாம். ஆறேழு மாதப் பழக்கம்.

"எதுக்கு?" என்றேன்.

"கண்ணாலம்னு நாள் குறிச்சதும் மனசு படபடன்னு இருந்துச்சு. இவன்தான் சொன்னான், இது சாமியாருங்க மூலிகை, மனசு அடங்கும்னு."

"அடங்குச்சுங்களா?"

"மொதல்ல அடங்குச்சு. பொறவு நெஞ்சு தறி கெட்டு ஓட ஆரம்பிச்சுது. நெஞ்சு ஓடுனா அப்பன் மாதிரி ஆயிருமோன்னு பயம் வரும். பயம் வந்தா இன்னொண்ணு பத்தவெப்பேன்."

"காப்புக் கட்டியும் குடிச்சீங்களா?"

மனுஷன் பதறிவிட்டார். "ச்சீ, என்ன பேச்சு அம்மணி? காப்புக் கட்டீட்டு யாராவது அதையெல்லாம் தொடுவாங்களா? பாவமில்லியா? சிகரெட்டுக்கூட தொட்டதில்ல. பழனியாண்டி மேல சத்தியம்."

"சரி. நெஞ்சடைப்பு எப்பெல்லாம் நிக்குது?"

"காப்புக் கட்டுனா நிக்குது."

"எப்ப வருது?"

"காப்பு அவுத்தா..." வாய் அப்படியே திறந்திருந்தது. கையில் இருந்த உருண்டை தட்டில் விழுந்தது. அவருக்கு விளங்கி முடிய நான் காத்திருந்தேன். பொய்க்காரராக இருந்தால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு மன்னித்திருப்பேன். அந்த ஊசியைத் தவிர இந்த மனுஷன் பொய்யே சொல்லவில்லை. விரதத்தை அவ்வளவு சுத்தமாக இருந்திருக்கிறார், அதனால்தான் ஆண்டியாகப் போகிறார். இப்படி ஒரு யோக்கியமான மடையனைக் கட்டிக்கொண்டு காலம் தள்ள வேண்டுமே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அதற்குள் சின்னான் தன் மார்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப எனக்கு அடைக்கறதும் இதுதானுங்களா?"

"உனக்குமா?" என்றார் மருதாசலம்.

"ஆமாப்பா. பொங்கல்ல இருந்தே. எங்களுக்குக் குலசாமி மாகாளி. சம்பந்தமில்லாம முருகன் ஏன் என் நெஞ்சப் புடிக்கறான்னு தெரியாம பேசாம இருந்துட்டேன்."

"சாயந்திரம் அத்தைகிட்டச் சொல்லீருங்க" என்றேன்.

மருதாசலம் தலையை ஆட்டினார். "முடியாது அம்மணி. எம் பையன் பச்சத்தண்ணி மாதிரின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுது அம்மா. கஞ்சாங்கற வார்த்தையக் கேட்டா அதுக்கே நெஞ்சு நின்னுரும். அதுக்கு நான் பேசாம ஆண்டியாவே போயர்றேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "போங்க. மொட்டையடிச்சுட்டு மடத்துல நல்லா உக்காருங்க. அங்க காப்பு கட்டாத ஆண்டிக எத்தன பேரு கஞ்சாச் சிலும்பி வெச்சுட்டு உக்காந்திருப்பாங்கன்னு போனாத் தெரியும். அப்பவும் நெஞ்சு புடிக்கும். அப்ப அத்தை எந்தச் சாமிகிட்டப் போவாங்க? நான் வெள்ளகோவில்ல எவனுக்கோ சோறு பொங்கிப் போட்டுட்டு, நீங்க இருக்கறீங்களா செத்தீங்களான்னு வர்றவங்க போறவங்களையெல்லாம் கேட்டுட்டு இருப்பனா?" சொல்லும்போதே அழுதுவிட்டேன். பனியனாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டேன். அன்று நான் பார்த்த துணியில் எத்தனை டேமேஜ் தப்பிப் போனதோ தெரியாது.

சாயங்காலம் வேலை விட்டு வரும்போது அவர் என் பின்னாலேயே வந்தார். அத்தை வாசலில் காவடியைச் சாத்தி வைத்து மயில்தோகை கட்டிக்கொண்டிருந்தார். என் அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றார் மருதாசலம். "நான் பொகை குடிக்கறனுங்கம்மா."

அத்தை நிமிர்ந்தார். "பீடியா?"

"சிகரெட்டு." காவி வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டார். "அதோட கஞ்சாவும்."

அப்பா கயிற்றை விட்டுவிட்டார். தோகை சரிந்து தரையில் விழுந்தது. அத்தை எடுக்கவில்லை. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெரதத்துலயுமா?"

"இல்லீங்க. வெரதத்துல தொடவேயில்ல. அவுத்தப்பறம்தான்."

அத்தையின் உதடு மட்டும் அசைந்தது. தை, மாசி, பங்குனி என்று மாதங்களைக் கோத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு கேட்டார்: "அப்ப முருகன் உன்னக் கேக்குலியா?"

"கேக்குலீங்கம்மா."

அத்தை பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தார். ஆண்டிக் கோலத்தில் இருப்பவரை அடிக்கலாமா என்று அப்பா தடுத்துப் பார்த்தார். "அண்ணா, நவுருங்க. சாமி கேக்குதுன்னுதான் பெத்த புள்ளயத் தூக்கிக் குடுக்க நின்னேன். சாமி பாட்டுக்குச் சிவனேன்னு மலைமேல நிக்குது" என்று அடித்தார். அடித்துக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். மருதாசலம் கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். அவர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

விளக்குமாறு ஓய்ந்த பிறகு அத்தை வாசல்படியில் உட்கார்ந்து சொன்னார்: "உங்கப்பன் வாயில சுருட்டு இல்லாம நான் பாத்ததேயில்லடா. தறியில உக்காந்தாலும் சுருட்டு, எந்திரிச்சாலும் சுருட்டு. நான் அத நெனச்சே பாக்குல. இத்தன வருசமா முருகன்கிட்டத்தான் கோவிச்சுட்டு இருந்தேன்." மருதாசலம் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் அதே டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை சின்னானும் வந்தான். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தையைப் பார்த்தார். "அன்னைக்கே கேட்டேனேம்மா?"

"எனக்கென்னங்க சாமி தெரியும்? நீங்க கேட்டன்னிக்கு அவன் குடிக்குலீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் பையன்கள் இருவரிடமும் சொன்னார்: "இந்த வயசுப் பசங்க இப்பல்லாம் இதே மாதிரி நெஞ்சைப் பிடிச்சுட்டு வர்றாங்க. கஞ்சா உள்ளே போனா இதயம் கன்னாபின்னான்னு ஓடும். சிகரெட்டும் சேர்ந்தா மூச்சுக்குழாயும் கெடும். இன்னைக்கு ரெண்டு பேருக்கும் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்நாளும் இப்படியே விட்டுக் கொடுத்துட்டு இருக்காது. விட்டுருங்க, ரெண்டையும்."

விசாகத்துக்குப் பழனிக்குப் போனார்கள், சின்னானையும் இழுத்துக்கொண்டு. அங்கே இருவரும் சாமி முன்னால் சத்தியம் செய்தார்கள். மொட்டை போட்டுக்கொண்டது சின்னான் மட்டும்தான். எங்கள் கல்யாணம் ஆவணியில் நடந்தது. பந்தல்காரர் முன்பணம்கூடக் கேட்காமல் ஓடிவந்து பந்தல்கால் நட்டார், மறுபடி நாள் மாறுவதற்குள்.

புகையை விடுவது லேசாக இருக்கவில்லை. வாய் நமநமவென்கிறது என்று மாப்பிள்ளை எந்நேரமும் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தார். சிடுசிடுவென்று விழுந்தார். நானும் பதிலுக்கு விழுந்தேன். கம்பெனி வாசலில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர் எங்களால்தான் வீட்டுக்கு மாடி எடுத்தார் என்று சின்னான் சொல்வான்.

அத்தை மட்டும் யாரையும் நம்பவில்லை. திங்கட்கிழமை துணி துவைக்கும்போது மகனுடைய பனியன் ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே பிடித்து, மார்புப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுவார். ஒரு தடவை பொத்தல் ஒன்று அகப்பட்டுவிட்டது. வீடே அதிர்ந்தது. மகன் வாசலில் நின்றார், தீர்ப்புக்கு நிற்பவரைப் போல. அத்தை பனியனை என் கையில் கொடுத்தார். நான் அவசரப்படவில்லை. வெளிச்சத்தில் பிடித்தேன், திருப்பினேன், ஓரத்தைத் தடவினேன், முகர்ந்தும் பார்த்தேன். அவருக்கு வேர்த்தது. கொஞ்சம் வேர்க்கட்டும் என்று விட்டேன்.

"ஊசி உட்ட பொத்தல்தானுங்க, அத்தே" என்றேன். "இவரு மெஷின்லயே நெய்ஞ்சதாத்தான் இருக்கும்."

இப்படி ஒரு திங்கள் தவறாமல் வருஷக்கணக்கில் ஓடிற்று. எங்களுக்கு இரண்டு குழந்தைகளும் பிறந்துவிட்டன. எழுபத்து மூன்றாம் வருஷம் மருதாசலத்துக்கு முப்பத்தோராவது பிறந்தநாள் வந்தது, அதுவும் ஒரு திங்கட்கிழமையில். நான் மறந்துவிட்டேன், அவரும் மறந்துவிட்டார். அத்தை காலையிலேயே பாயசம் வைத்தார். தன் அப்பா செத்துப்போன வயதை அவர் தாண்டிவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாயசம் குடித்துவிட்டு அவர் வேலைக்குப் போனார். அத்தை துணி மூட்டையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அத்தை ஒரு பனியனைக்கூட வெயிலில் பிடித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகத் தண்ணீரில் போட்டு, பிழிந்து, கொடியில் உலர்த்தினார்.